பின்னால் வருகிறவருக்கான விளக்கு

மோட்டார் சைக்கிளில் ஓட்டுகிறவருக்கென்று இல்லாத உறுப்பு ஒன்று உண்டென்றால் அது பின்விளக்குதான். முகப்பு விளக்கு அவருக்குப் பாதையைக் காட்டுகிறது. ஹாரன் பிறருக்கானது என்றாலும் அதன் சத்தம் அவர் காதிலும் விழும். பின்விளக்கோ அவர் முதுகுக்குப் பின்னால், அவர் திரும்பிப் பார்க்க முடியாத இடத்தில், அவர் அறியாத யாரோ ஒருவருக்காக எரிந்துகொண்டிருக்கிறது. அது அணைந்துபோனால் அணைந்தது என்று சொல்லவும் அந்த யாரோ ஒருவர்தான் வரவேண்டும். அவர் எப்படி வருகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பின்னால் எரியும் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்கின்றன. அதென்ன 155 என்று முன்பொருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒன்று அந்தத் தூரத்தைக் கடக்க ஒன்பது விநாடிகளுக்குச் சற்று மேல் ஆகும். சாலையோரம் நிற்கும் வண்டியைப் பார்க்க, இன்னதென்று புரிந்துகொள்ள, காலை பிரேக்குக்கு மாற்ற, ஒதுங்கிப் போக, ஒன்பது விநாடி தாராளம். பின்விளக்கு இல்லையென்றால் அந்த வண்டி லாரியின் முகப்பு வெளிச்சத்துக்குள் வந்தால்தான் உண்டு. தாழ்வெளிச்சத்தில் அது நாற்பது மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மிச்சமிருப்பது இரண்டரை விநாடி. 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனங்களில் போனவர்கள். அந்த ஆறரையும் சொச்சமுமான விநாடிகள் கிடைக்காமல் போனவர்கள் அவர்களில் எத்தனை பேரோ.

இந்தக் கணக்கையெல்லாம் போடவைத்தவர் என் அப்பா. எழுபத்திரண்டு வயது. நிலக்கோட்டைக்கும் வத்தலக்குண்டுக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்தில் ஒன்றரை ஏக்கரில் மல்லிகை வைத்திருக்கிறார். மல்லிகை, விவசாயியின் தூக்கத்தை உரமாகக் கேட்கிற பயிர். மொட்டு விரிவதற்கு முன் பறித்தாக வேண்டும். விரிந்துவிட்டால் விலை கிடையாது. அதனால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பின்னிரவிலேயே பறிக்க இறங்குவார்கள். அப்பா முதல் பறிப்பை ஈரச்சாக்கில் கட்டி, வண்டியின் பின்னிருக்கையில் வைத்து இறுக்கி, நாலரை மணிக்கெல்லாம் நிலக்கோட்டைச் சந்தைக்குக் கிளம்பிவிடுவார். வண்டி, 1990களின் நடுவில் வந்த புல்லட் 350. கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருக்கிற பழைய வகை. வேறு வண்டி ஓட்டிப் பழகிய யாரும் அதை இரவல் கேட்பதில்லை என்பதை அதன் முதல் சிறப்பாக அவர் சொல்வார்.

கார்த்திகை கடைசியில் ஊருக்குப் போயிருந்தேன். பனிக்காலத்தில் பூ வரத்து குறைந்து விலை ஏறியிருக்கும் நேரம், ஒரு கிலோ பூவைக்கூட வீணாக்க மனம் வராது. போன இரவே அம்மா திண்ணையில் வந்து உட்கார்ந்தார்.

"பின்னாடி லைட்டு எரியலைப்பா. ரெண்டு வாரமா இருட்டுலயேதான் போயிட்டு வர்றாரு."

"மெக்கானிக்கிட்டக் காட்டலயாம்மா?"

"காட்டுனாரு. பல்பு மாத்துனாங்க. நாலு பல்பு மாத்தியாச்சு." சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீ சரி பண்ணிக் குடுத்துடாதப்பா" என்றார்.

எனக்கு உடனே புரியவில்லை. அம்மா விளக்கினார். அப்பாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் வலது கண்ணில் புரை எடுத்திருக்கிறது. இடது கண்ணிலும் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், அவர் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறார். பூவை எடுத்துப் போக ஊரில் ஒரு மினி வேன் வருகிறது, கூலி அதிகம் என்று அவர் ஒப்பவில்லை. திருப்பூரிலிருக்கும் அக்காவும் அம்மாவும் ஆறு மாதமாக வண்டியை நிறுத்தச் சொல்லிப் பேசிப் பார்த்து அலுத்துவிட்டார்கள். இப்போது விளக்கு தானாகவே கெட்டிருக்கிறது. மெக்கானிக்கும் கைவிரித்துவிட்டார். இப்படியே விட்டால் இன்னும் பத்து நாளில் அவரே ஓய்ந்துவிடுவார் என்பது அவர்கள் இருவரின் கணக்கு.

அந்தக் கணக்கில் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் அந்தப் பத்து நாட்களும் அவர் இருட்டில்தான் போவார் என்பதும் அதே கணக்கில் இருந்தது. விளக்கில்லை என்பதற்காக என் அப்பா எதையும் நிறுத்தி நான் பார்த்ததில்லை. சிம்னி விளக்கில் நெல் அளந்தவர். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப உன் இஷ்டம்" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த வார்த்தைக்குச் சம்மதம் என்று பொருளில்லை.

மறுநாள் அப்பா சந்தையிலிருந்து வந்து, குளித்துச் சாப்பிட்டுப் படுத்ததும் வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளினேன். எனக்கு மெக்கானிக் தொழில் தெரியாது. கல்லூரியில் மின்னியல் படித்தேன், பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டேன். கையில் ஒரு மல்டிமீட்டரும், இரண்டு முழ வயரில் ஒரு சிறு பல்பைக் கட்டிச் செய்த டெஸ்ட் லாம்ப்பும் இருந்தன. நண்பர்கள் யாரிடமும் பழைய வண்டி இருந்தால் பின்வருவது உதவலாம். இல்லாதவர்கள் இதை ஒரு துப்பறியும் கதையாகப் படித்துக்கொள்ளலாம். கொலைக்கருவி எதிரிலேயே கிடக்கிற வகையைச் சேர்ந்த கதை.

முதலில் நோயைப் பார்க்க வேண்டும். "எரியவில்லை" என்று அம்மா சொன்னது முழு உண்மையல்ல. சாவியைத் திருப்பி விளக்கைப் போட்டபோது பின்னால் மங்கலாக ஒரு சிவப்பு தெரிந்தது, பகல் வெளிச்சத்தில் கையைக் குவித்துப் பார்த்தால்தான் தெரிகிற அளவுக்கு. அதன்பின் பிரேக்கை மிதித்தேன். பளிச்சென்று எரிய வேண்டிய நேரத்தில் இருந்த மங்கலும் போய்விட்டது. காலை எடுத்தால் மங்கல் திரும்பி வந்தது. மிதித்தால் போனது. பிரேக் பிடிக்கும்போதுதான் பின்விளக்கு அணைகிறது என்றால், பின்னால் வருகிறவருக்கு அது சொல்லும் செய்தி நேர் எதிரானது: நான் போய்விட்டேன், இங்கே யாரும் இல்லை.

பின்விளக்கின் பல்பு ஒன்றுதான், அதற்குள் இழைகள் இரண்டு. ஒன்று 5 வாட், இரவு முழுதும் எரிவதற்கு. மற்றது 21 வாட், பிரேக்குக்கு. பல்பின் பித்தளைக் கழுத்திலுள்ள இரு முனைகளும் ஒரே மட்டத்தில் இல்லாமல் ஒன்று சற்று மேலேயும் மற்றது கீழேயும் இருக்கும். தலைகீழாகப் போட்டுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. இரண்டு இழைகளுக்கும் மின்சாரம் தனித்தனி வயரில் வருகிறது. திரும்பிப் போவதற்கு மட்டும் இருவருக்கும் ஒரே வழி: பல்பின் கழுத்து, ஹோல்டர், விளக்கின் கூடு, மட்கார்டு, வண்டியின் சட்டம், அங்கிருந்து பாட்டரியின் எதிர்முனை. இதைத்தான் மெக்கானிக்குகள் எர்த் என்கிறார்கள். போவதற்கு வயர், வருவதற்கு இரும்பு. ஒரு வயர் மிச்சம் என்பதற்காக வாகன உலகம் செய்துகொண்ட சிக்கனம் இது. இரும்பு இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரை அதில் குறையொன்றும் இல்லை.

பல்பைக் கழற்றிப் பாட்டரியில் நேராக வைத்துப் பார்த்தேன். இரண்டு இழைகளும் நன்றாக எரிந்தன. மாற்றிய நாலு பல்புகளும் நல்ல பல்புகளாகவே இருந்திருக்க வேண்டும். அப்பா ஏதோ ஞாபகத்தில் ஒன்றையும் எறியாமல் தீப்பெட்டியில் வைத்திருந்தார். மற்ற மூன்றும் எரிந்தன. அவருக்கு அப்போதே சந்தேகம் இருந்திருக்கிறது.

அடுத்தது மீட்டர். பல்பு இல்லாத ஹோல்டரில் ஒரு முனையைப் பிரேக் வயரின் தொடுமுனையிலும் மறுமுனையை ஹோல்டரின் கூட்டிலும் வைத்துப் பிரேக்கை மிதித்தால் 12.4 வோல்ட் காட்டியது. குறைவில்லாமல் வருகிறது. டவுனில் ஒரு எலக்ட்ரீஷியனும் இதே போல் வைத்துப் பார்த்துவிட்டு "சப்ளை பக்காவா இருக்கு, ஹோல்டர்தான் போயிருச்சு" என்று புது ஹோல்டரும் போட்டிருந்தார். அவர்மேல் குற்றமில்லை, மீட்டர் அப்படித்தான் சொன்னது. மீட்டர் பொய் சொல்வதில்லை, ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். ஓடாத தண்ணீருக்கு அடைத்த குழாயும் திறந்த குழாயும் ஒன்றே. மீட்டர் வழியாக ஓடும் மின்சாரம் இல்லையென்றே சொல்லிவிடலாம். அவ்வளவு குறைந்த ஓட்டத்துக்கு நடுவில் எங்கே துரு இருந்தாலும், பெயிண்ட் இருந்தாலும் தெரியாது. பல்பு எரிந்தால்தான் அடைப்பு வெளிப்படும்.

ஆகவே பல்பைத் திரும்பப் போட்டு, எரியவிட்டு, இம்முறை மீட்டரின் ஒரு முனையை விளக்கின் கூட்டிலும் மறுமுனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும் வைத்தேன். எர்த் சரியாக இருந்தால் இரண்டும் ஒரே இடம். மீட்டர் கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்ட வேண்டும். 3.2 என்றது. பிரேக்கை மிதித்ததும் 8.1 என்றது. பாட்டரி கொடுக்கிற பன்னிரண்டில் எட்டை யாரோ வழியிலேயே பறித்துக்கொள்கிறார்கள்.

பிரேக் பிடித்தால் விளக்கு அணைவதன் மர்மம் இங்கே அவிழ்ந்தது. 5 வாட் இழை மட்டும் எரியும்போது ஓடுவது அரை ஆம்பியருக்கும் குறைவு. அந்தச் சிறு கூட்டம் அடைபட்ட வாசல் வழியே எப்படியோ நெருக்கியடித்துப் போய்விடுகிறது. 21 வாட் இழையும் சேர்ந்துகொண்டால் அதற்கு மட்டுமே ஒன்றேமுக்கால் ஆம்பியர் தேவை. வாசல் அதே வாசல். கூட்டம் கூடக் கூட வாசலில் இழப்பதும் கூடுகிறது, இரண்டு இழைகளுக்கும் சேர்த்து மிஞ்சுவது நாலு வோல்ட். வோல்ட் மூன்றில் ஒன்றானால் வெளிச்சமும் மூன்றில் ஒன்றாகும் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் பல்பு இழை அப்படி நாகரிகமாக நடந்துகொள்வதில்லை. அது ஏறக்குறைய அணைந்தே போகும்.

எங்கே அடைப்பு என்பது இதன்பின் பெரிய வேலையில்லை. மீட்டரின் ஒரு முனையை பாட்டரியிலேயே விட்டுவிட்டு மறுமுனையை விளக்கிலிருந்து ஒவ்வொரு படியாக முன்னே நகர்த்திக்கொண்டு வந்தேன். சட்டத்தில் பூஜ்யம். மட்கார்டைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுக்கு இந்தப் பக்கம், பெயிண்டைக் கத்தி முனையால் சுரண்டி வைத்தபோது, எட்டு. போல்ட்டைக் கழற்றினேன். இரண்டு வருடத்துக்கு முன் பின் மட்கார்டு துருப்பிடித்து ஓட்டை விழுந்தபோது அப்பா அதைச் சரிசெய்து பெயிண்ட் அடிக்கக் கொடுத்திருந்தார். அடித்தவர் மனசாட்சியோடு அடித்திருந்தார். போல்ட் துளைகளின் உட்புறம் வரை மூன்று பூச்சு, நகம் இறங்காத கனத்தில். போல்ட்டின் மரை கடித்துப் பிடித்திருந்த ஓர் இடத்தில் மட்டும் இரும்பு இரும்பைத் தொட்டிருக்கிறது. அந்த ஒரு புள்ளியை ஈரச்சாக்கு கவனித்துக்கொண்டது. தினமும் விடியலில் சாக்கிலிருந்து சொட்டும் தண்ணீர் இருக்கை வழியாக இறங்கி நேராக அந்த போல்ட்டில்தான் போய்ச் சேர்கிறது. மல்லிகையை வாடாமல் காத்த ஈரம் இந்தப் பக்கம் துருவாகிக்கொண்டிருந்தது.

இலக்கிய நண்பர்களிடம் மோட்டார் சைக்கிள் பழுதுபார்த்தது பற்றிப் பேச வாயெடுத்தால் உடனே ராபர்ட் பிர்சிக்கின் பெயர் வந்து விழும். 1974இல் வந்த புத்தகம், அப்பா ஓட்டுகிறார், மகன் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். எனக்கும் பிடித்த நூல்தான். ஆனால் அதில் வருகிற பழுதுகள் எல்லாம் ஓட்டுகிறவரின் மனநிலையோடு சம்பந்தப்பட்டவை. பின்விளக்கு அப்படிப்பட்டதல்ல. ஓட்டுகிறவர் ஞானியாக இருந்தாலும், அரைத்தூக்கத்தில் இருந்தாலும் பின்னால் வருகிற லாரிக்காரருக்கு ஒன்றுதான்.

அப்பா எழுந்து வந்தபோது நான் உப்புத்தாளால் துளையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்காமல் கவிழ்த்துவைத்த வாளியின்மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எர்த்தா?"

"ஆமாப்பா."

"நெனச்சேன். பிரேக்கு அடிச்சா முள்ளு அசையல."

புல்லட்டின் முகப்பில் ஒரு சிறிய ஆம்பியர் மீட்டர் உண்டு. பாட்டரியிலிருந்து எவ்வளவு போகிறது, வருகிறது என்று காட்டும். என்ஜின் ஓடாதபோது பிரேக்கை மிதித்தால் முள் இரண்டு ஆம்பியர் அளவுக்கு இறக்கத்தின் பக்கம் சாய வேண்டும். தன் பின்விளக்கைப் பார்க்க முடியாத ஓட்டுநருக்கு அதைப் பற்றிக் கிடைக்கிற ஒரே தகவல் அந்த முள்ளின் அசைவுதான். இவர் அதைக் கவனித்திருக்கிறார். கவனித்துவிட்டும் இரண்டு வாரம் போய் வந்திருக்கிறார். மெக்கானிக்கிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவரு தொழிலு அது. நாம போயி சொன்னா நல்லாருக்காது" என்றார்.

துளையைத் தேய்த்துப் பளபளப்பாக்கியதோடு விட்டிருந்தால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி இதே கதைதான். இரும்பை நம்பாமல், ஹோல்டரின் கூட்டிலிருந்து ஒரு கறுப்பு வயரை இழுத்து, மட்கார்டின் உள்விளிம்பு வழியாகக் கொண்டுபோய், வளையமுனை வைத்துப் பாட்டரியின் எதிர்முனையிலேயே முறுக்கினேன். மேலே கொஞ்சம் வாசலின். டயர் உரசாத இடமாகப் பார்த்து இரண்டு இடத்தில் கட்டினேன். பதினைந்து ரூபாய் வயர். எல்.இ.டி. பல்பு போட்டிருந்தால் இவ்வளவும் தேவையே இருந்திருக்காது என்று இதைக் கேட்ட நண்பர் ஒருவர் சொன்னார். உண்மைதான், அது இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு, அடைப்பு அதற்கு உறைத்திருக்காது. துரு மட்டும் உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கும். எனக்கு அந்த வைத்தியத்தில் நம்பிக்கை இல்லை.

மீட்டரை மறுபடி வைத்தேன். 0.05. பிரேக்கை மிதித்ததும் கொட்டகைச் சுவர் முழுக்கச் சிவந்தது. அப்பா எழுந்து முன்பக்கம் போய் முள்ளைப் பார்த்தார். "இன்னொரு தடவ மிதி" என்றார். மிதித்தேன். தலையை ஆட்டிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

உண்மையான பிரச்சினை மறுநாள் விடியலில்தான் கண்ணில் பட்டது. பறிப்பு முடிந்து சாக்கைக் கட்டினார். வழக்கமான கட்டு, பின்பக்கம் இருக்கைக்குக் கீழே ஒரு முழம் தொங்கியது. விளக்கு பிரமாதமாக எரிந்தது, சாக்குக்குப் பின்னால். இத்தனை வருடமாக அவர் இப்படித்தான் போய்க்கொண்டிருந்தார். பல்பு, ஹோல்டர், எர்த் எல்லாம் சரியாக இருந்த காலத்திலும் பின்னால் வந்தவருக்குத் தெரிந்தது பாதி விளக்குதான்.

"சாக்க மேல தூக்கிக் கட்டணும்ப்பா."

"மேல தூக்குனா முதுகுல இடிக்கும்."

"ரெண்டு சாக்கா பிரிச்சுக் கட்டலாம்."

"பூ நசுங்கும்."

நெற்றி விளக்குகளோடு பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்து நின்றுவிட்டார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது, முதல் ஏலத்துக்குப் போகாவிட்டால் விலை இறங்கும். நான் வேறொன்றும் சொல்லவில்லை. சாலையில் பத்தடி பின்னால் போய் நின்று, "இங்க வந்து ஒரு தடவ பாருங்க" என்றேன். வண்டியை ஸ்டாண்டில் விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். இருபது வருடத்துக்கும் மேலாக ஓட்டிய வண்டியை இருட்டில் பின்னாலிருந்து அவர் பார்த்தது அதுவே முதல்முறையாக இருக்க வேண்டும். தன்னுடைய வண்டி சாலையில் எப்படி இருக்கிறது என்று பார்க்க எந்த ஓட்டுநருக்கும் வாய்ப்பதில்லை. புரை எடுத்த வலது கண்ணை ஒரு கையால் மூடிக்கொண்டு எடுக்காத கண்ணால் பார்த்தார். பிறகு கையை மாற்றிப் பார்த்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று நான் கேட்கவில்லை.

திரும்பிப் போய்க் கயிற்றை அவிழ்த்தார். சாக்கை இரண்டாக மடித்து, குறுக்காக வைத்து, விளக்குக்கு மேலே நிற்கும்படி கட்டினார். முதுகில் இடிக்கத்தான் செய்தது. அவர் கிளம்பிய பிறகு நான் புளியமரத்துத் திருப்பம் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே ஒருமுறை பளீரென்று எரிந்து பிறகு மறைந்தது. எங்கள் தோட்டத்திலிருந்து அந்த மரம் 155 மீட்டருக்கு மேலேயே இருக்கும்.

அம்மா அன்று மத்தியானம் வரை என்னோடு பேசவில்லை. அக்கா போனில் அழைத்தாள். "தம்பி, ஆறு மாசம் நாங்க பேசுனத நீ ஒரே நாள்ல கெடுத்துட்டியே" என்றாள். இடது கண் அறுவைக்கு நாள் குறிக்கும் வரை மினி வேனுக்கு நான் பணம் அனுப்புகிறேன் என்று சொன்னேன். "அவரு வாங்கிக்குவாருன்னு நெனக்கிறியா?" என்று கேட்டாள். நான் அப்படி நினைக்கவில்லை. அவளுக்கும் அது தெரியும்.

தை பிறந்ததும் மதுரையில் கண் மருத்துவரைப் பார்க்க அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். வண்டியைப் பற்றி இன்னும் பேச்சில்லை. நான் ஊர் திரும்பிய நாலாம் நாள் காலை ஐந்தேகாலுக்குச் சந்தையிலிருந்து போன் வந்தது. பின்னணியில் ஏலச் சத்தம். பூ விலை சொன்னார், பனி அதிகம் என்றார். வைக்கப்போகும் நேரத்தில், "முள்ளு நல்லா அடிக்குதுப்பா" என்றார்.